பின்னால் வந்த இருமல்

ஏற்காட்டில் எங்கள் மளிகைக் கடை முன்னால் வந்து நிற்கிற வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் சாமான் வாங்க வருவதில்லை. வழி கேட்கத்தான் வருவார்கள். "காட்டுக்குள்ள நடக்கற பாதை எங்கீங்க இருக்கு?" நான் வாயைத் திறக்காமல் கையை நீட்டுவேன். நாகலூர் பஸ் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் இடது பக்கம் ஒரு கேட். உள்ளே பார்க்க என்ன இருக்கிறது என்று மேற்கொண்டு கேட்டால் எனக்குத் தெரியாது. நான் போனதில்லை. மரத்தைப் பார்ப்பதற்கென்று ஒருவர் சேலத்தில் பஸ் ஏறி, அத்தனை வளைவுகளிலும் வாந்தியெடுத்துக்கொண்டு மேலே வருவது எனக்கு விளங்காத சமாசாரமாக இருந்தது.

அந்தக் காட்டை ஃபாரஸ்ட்காரர்கள் வேலி போட்டுக் காப்பாற்றி வந்தார்கள். உள்ளே விறகு ஒடிக்கக் கூடாது, ஆடு மாடு விடக் கூடாது. எண்பதுகளில் அதற்குள் மண்பாதை போட்டு, ஓரத்தில் கல் அடுக்கி, மரத்துக்கு மரம் பெயர்ப் பலகை மாட்டி, யார் வேண்டுமானாலும் நடந்து பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் யாரும் போகவில்லை. கொட்டச்சேட்டிலிருந்து கடைக்கு வருகிற ஒரு விவசாயி, "நம்ம ஊட்டுக் கொல்லையில நடக்கறதுக்கு நமக்கு எதுக்குங்க போர்டு?" என்று கேட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நான் முதல் தடவை உள்ளே போனது என் மனைவி கேட்டதால். அதுவும் ஊரைவிட்டே கிளம்பப் போகிறோம் என்று ஆன பிறகு.

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், சேலம் சேவாய்ப்பேட்டையில் பெரிய மளிகைக் கடை வைத்திருந்தார். மேலே கிடந்து கஷ்டப்படாமல் கீழே வந்து தன்னோடு சேர்ந்து வியாபாரம் பாருங்கள் என்று கூப்பிட்டார். நல்ல மனதோடுதான் கூப்பிட்டார். அவர் சொல்லிவிட்டுப் போன அன்று ராத்திரி, என் மனைவி சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டே, "போலாங்க" என்றாள். நான் "சரி" என்றேன்.

'சரி' என்பது நான் அதிகம் பேசுகிற சொல். கடையில் யார் எதைக் கேட்டாலும் சரி. அந்தச் சொல்லை வைத்தே என் காலத்தை ஓட்டிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நான் நின்றதற்குக்கூட, எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கிற பயமும் ஒரு காரணம். பேசுவது எனக்கு எப்போதும் மலை ஏறுவது மாதிரி. மனைவியிடமும் அப்படித்தான். அரிசி இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்பதைத் தாண்டி நாங்கள் உட்கார்ந்து பேசியது குறைவு.

ஆனால் எனக்குக் கீழே போக மனமில்லை. துளிக்கூட இல்லை. அவள் பிறந்த ஊர் அது. அம்மா, அக்கா, சின்னம்மா எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். போகலாம் என்று அவளே வாய்விட்டுச் சொன்ன பிறகு, வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மச்சான் முடிவான பதிலைக் கேட்க மேலே வருவதாக இருந்தது. அதற்குள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் அவள், "ஏங்க, எல்லாரும் அந்தக் காட்டுப் பாதையைக் கேட்டுக்கிட்டு வர்றாங்களே. போறதுக்குள்ள ஒரு தடவை காட்டுங்களேன். கீழ போனா, ஏற்காட்டுல என்ன பாத்தேன்னு அக்கா கேப்பா. அரிசி மூட்டையையா சொல்றது?" என்றாள்.

"சரி" என்றேன்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கடையை மூடிவிட்டுக் கிளம்பினோம். தை மாதம். மழை விட்டு, வெயில் இதமாக இருந்தது. எங்களுக்குள் ஒரு நடைமுறை உண்டு. வெளியே போனால் நான் முன்னால் போவேன். அவள் சேலைக்கு மேலே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சற்றுப் பின்னால் வருவாள். எங்கள் அத்தாவும் அம்மாவும் அப்படித்தான் போனார்கள். நடுவில் திரும்பிப் பார்ப்பது கிடையாது. கடைவீதியில் ஒருவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனால், பெண்டாட்டி ஓடிவிடுவாள் என்று பயமா என்று கேலி பண்ணுவார்கள். அதனால் ஒவ்வொரு முனையிலும் திரும்பும்போது நான் தொண்டையை ஒரு தடவை செருமுவேன். பின்னாலிருந்து அவள் சின்னதாக ஒரு இருமல் இருமுவாள். வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் தானாக ஏற்பட்ட பழக்கம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் மஞ்சக்குட்டையிலிருந்து வருகிற அம்மாள் ஒருத்தி கூடையில் கொய்யாப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் கடையில்தான் உப்பு, மிளகாய் வாங்குவாள். நான் அவளைப் பார்க்காத மாதிரி போகப் பார்த்தேன்.

"ஏனுங் பாய், கடைய மூடிப்போட்டு ஜோடியா டூரு கெளம்பியாச்சுங்களா?"

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து என் மனைவிதான் பதில் சொன்னாள். "ஆமாங்க்கா. நீங்களும் வாங்க, மூணு பேரா போலாம்."

"நான் வந்து உங்களுக்கு எடைஞ்சலா இருக்கவா? பாய் மூஞ்சி இப்பவே தக்காளியாட்டம் ஆயிப்போச்சு. போங்க, போங்க."

கேட்டில் வாட்ச்சர் உட்கார்ந்திருந்தார். அவரும் எங்கள் வாடிக்கைதான். பக்கத்தில் கிடந்த மரக்கட்டையில் ஒரு பெரியவரும் அவர் வீட்டு அம்மாளும் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். வெளியூர் ஆட்கள், எங்களவர்கள். அந்த அம்மாளும் வெள்ளைத் துப்பட்டிதான் போட்டிருந்தார். பெரியவருக்கு சலாம் சொல்லிவிட்டு நான் உள்ளே நுழைந்தேன். "பாய், பாதைய விட்டு எறங்காதீங்க. காட்டெருமை நடமாட்டம் இருக்குது. வட்டமா சுத்துனா இதே கேட்டுக்கு வந்துரும்" என்று வாட்ச்சர் பின்னாலிருந்து சொன்னார்.

உள்ளே போனதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் தினமும் பார்க்கிற மரங்கள்தான். ஆனால் எஸ்டேட்டில் மரங்களைக் காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும் என்று வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். இங்கே ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு நின்றது. ஒன்று சாய்ந்து நின்றது, ஒன்றின் மேல் இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தது. யாரும் அவற்றிடம் வேலை வாங்கவில்லை. எங்கேயோ ஒரு குருவி விட்டு விட்டுச் சத்தம் போட்டது. பாதை முழுக்கச் சருகு. கடைவீதியில் அவள் செருப்புச் சத்தத்தை வைத்தே எவ்வளவு தூரத்தில் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சருகில் யார் நடந்தாலும் ஒரே சத்தம்தான்.

முதல் வளைவில் செருமினேன். இருமல் வந்தது. இரண்டாவது வளைவிலும் வந்தது, கொஞ்சம் பலமாக. குளிரில் சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இடத்தில் யாரும் இல்லை. கடை இல்லை, பஸ் இல்லை, கொய்யாக் கூடை இல்லை. எதிரே அவள் முகமும் இல்லை. முன்னால் மரங்கள் மட்டும். சொல்வதானால் இப்போதே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்துவிட்டேன்.

"எனக்குக் கீழ வர இஷ்டமில்லை" என்றேன். பின்னால் சத்தமில்லை. கோபித்துக்கொள்ளவில்லை என்று தைரியம் வந்து மேலே பேசினேன். "மச்சான் கடையில நாள் முழுக்கக் கத்தணும். வர்றவனைக் கூப்பிடணும், விலையைச் சொல்லணும். நமக்கு அது ஆகாது. இங்க வர்றவங்க அவங்களே எடுத்துக்கிறாங்க, அவங்களே பேசிக்கிறாங்க. நான் பேசலைன்னு யாரும் தப்பா நினைக்கறதில்லை."

வளைவு வந்தது. செருமினேன். இருமல் வந்தது. கேட்டுக்கொண்டுதான் வருகிறாள்.

அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. என் ஆயுளில் அவ்வளவு பேச்சை நான் ஒரே மூச்சில் பேசியதில்லை. காலையில் கடைப் பலகையை எடுத்தால் உள்ளே வந்து அரிசி மூட்டை மேல் உட்காருகிற பனியைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பனியில் உப்பு நனைந்து கட்டிதட்டுவதைத் தினமும் திட்டுகிறேனே தவிர, பனி வராத அன்றைக்கு எனக்கு என்னவோ போல் இருப்பதைச் சொன்னேன். சேலத்து வெயிலில் என் தலை வலிப்பதைச் சொன்னேன். அதோடு நின்றிருக்கலாம். "நீ வந்த முதல் குளிருக்குக் கம்பளியைப் போத்திக்கிட்டு அடுப்புக்கிட்ட உக்காந்திருந்த. இந்தப் பொண்ணை இங்க கொண்டாந்து கஷ்டப்படுத்துறோமேன்னு நினைச்சேன். சொல்லலை. நீ அந்தப் பச்சைச் சேலை கட்டினா நல்லா இருக்குது. அதையும் சொல்லலை" என்றும் சொல்லிவிட்டேன்.

பாதை ஒரு பாறை மேட்டில் ஏறி வளைந்தது. கம்பி கட்டியிருந்தார்கள். கீழே பள்ளம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் விஷயம். நீ என்ன சொல்ற?" என்று கேட்டேன்.

"நான் என்னத்தைச் சொல்றது தம்பி?"

திரும்பிப் பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள். மூச்சு வாங்கிக்கொண்டு, துப்பட்டி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று தெரியவில்லை. சலாம் சொல்வதா, பள்ளத்தில் குதிப்பதா என்று எனக்கும் தெரியவில்லை. சலாம்தான் சொன்னேன்.

பதில் சலாம் சொல்லிவிட்டு அவர், "கோவிச்சுக்காதீங்க தம்பி. எங்க ஊட்டுக்காரருக்கு முட்டி வலி, ஒரு அடி நகர மாட்டேன்னுட்டாரு. காட்டெருமை இருக்குதுங்கறாங்க, ஒத்தையில நடக்க பயம். நீங்க ரெண்டு பேரும் போறதைப் பாத்து பின்னாலயே வந்தேன். உங்க ஊட்டம்மா ஒரு மரத்தடியில நின்னுட்டாங்க. அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க. சரி, ஆம்பளை போறாரேன்னு நான் உங்களோட வந்துட்டேன்" என்றார்.

"இருமுனீங்களே" என்றேன்.

"சளி தம்பி, ஒரு வாரமா."

நான் தரையைப் பார்த்தேன்.

"முதல்ல நீங்க ஏதோ ஓதிக்கிட்டுப் போறீங்கன்னு நினைச்சேன். அப்புறம்தான் விளங்குச்சு. நிறுத்தச் சொல்லலாம்னு பாத்தா, கதை பாதியில இருக்குது. மனசு வரலை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பச்சைச் சேலையை முதல்லயே சொல்லுங்க. உப்பு, பனியெல்லாம் அப்புறம்" என்றார்.

வந்த வழியே திரும்பினோம். இந்த முறை அவர் முன்னால், நான் பின்னால். கேட்டிலிருந்து வந்தபோது தாண்டிய முதல் வளைவுக்குச் சற்று இப்பால், பெரிய மரம் ஒன்றின் கீழே என் மனைவி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு காய். எங்களைக் கண்டதும் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏங்க, இது கடுக்காய்தானே? நம்ம கடையில சாக்குல இருக்கறது? நான் இதைக் காஞ்சு சுருங்கித்தான் பாத்திருக்கேன். பச்சையா எவ்வளவு பளபளன்னு இருக்கு பாருங்க. மரம் இத்தனை பெருசுன்னு யாருமே சொல்லலை." பிறகுதான் அந்த அம்மாளைப் பார்த்தாள். "நீங்க செருமற சத்தமே கேக்கலையேன்னு உக்காந்துட்டேன். இவங்க யாருங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

"கண்ணு, உன் ஊட்டுக்காரர் உங்கிட்ட சொல்ல வேண்டியதையெல்லாம் எங்கிட்ட சொல்லிட்டாரு. நீதான் பின்னால வர்றேன்னு நினைச்சு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். "இவரா? பேசினாரா?"

"நொம்ப நேரம்."

"என்னங்கம்மா சொன்னாரு?"

"அதை நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிரும். அவரே சொல்லட்டும். நல்ல விஷயம்தான், பயப்படாத." தலையில் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, கேட் பக்கம் இரண்டடி வைத்தவர் நின்று திரும்பினார். "எங்க ஊட்டுக்காரர் பேசாம இருக்கறவரு இல்லை. வாயை மூடாம பேசுவாரு. அவரையும் ஒரு நாளு இப்படி முன்னால நடக்க விட்டுட்டு, நான் பாதியில நின்னுக்கணும்" என்று சொல்லிவிட்டு இருமிக்கொண்டே போனார்.

நாங்கள் இரண்டு பேரும் கடுக்காய் மரத்தடியில் நின்றோம். "சொல்லுங்க" என்றாள். அவள் கண்ணைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஒண்ணுமில்லை" என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு எங்கே அடைக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சரி, முன்னால நடங்க. நான் பின்னாலதான் வருவேன். நிக்க மாட்டேன்."

மறுபடியும் நடந்தேன். மறுபடியும் சொன்னேன். முதலில் சொன்ன மாதிரி வரிசையாக வரவில்லை, ஏனென்றால் இவள் அந்த அம்மாள் மாதிரி சும்மா கேட்டுக்கொண்டு வரவில்லை. பனியைச் சொன்னால், "உப்பு நனையுதுன்னு தினமும் என்னையவா திட்டுவீங்க?" என்றாள். மச்சான் கடையில் கத்த வேண்டும் என்றால், "எங்கண்ணன் ஒரு ஆளே ஊருக்கெல்லாம் சேத்துக் கத்துவான், உங்களை எதுக்குக் கத்தச் சொல்றான்?" என்றாள். பச்சைச் சேலையைச் சொன்னபோது மட்டும் பின்னால் சருகுச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி வந்தது.

பாறை மேட்டுக்கு வந்தோம். அப்போது அவள் பேசினாள்.

"நான் ஏன் கீழ போலாம்னு சொன்னேன் தெரியுமாங்க? இங்க எனக்கு என்ன இருக்கு? அடுப்படி ஜன்னலைத் தொறந்தா பக்கத்துக் கடைச் சுவரு. முன்னால வந்தா மூட்டை. ஏற்காடு ஏற்காடுன்னு அவனவன் எங்கிருந்தோ வந்து பாத்துட்டுப் போறான். நான் குளிரை மட்டும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். விட்டுட்டுப் போறதுக்கு வருத்தப்பட எனக்கு ஒண்ணுமே இல்லை."

சொல்லிக்கொண்டே கம்பியருகே வந்தவள் பேச்சை நிறுத்தினாள். காற்று சுத்தமாக இருந்தது. கீழே சேலம் முழுக்கத் தெரிந்தது. வெள்ளை வெள்ளையாகக் கட்டிடங்கள், நடுவில் மரங்கள், ஒரு ஓரத்தில் புகை. அவள் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"அது ரயில் பாதைங்களா?"

"ஆமா."

"அப்படின்னா அதுக்கு இந்தப் பக்கம் கோட்டை. அப்ப அம்மா ஊடு அந்தப் புகைக்கு இங்கிட்டுத்தான் இருக்கும்." விரலால் வானத்திலேயே தெருவைப் போட்டுக் காட்டினாள். "இது இத்தனை வருஷமா இங்கயேவா இருந்துச்சு?"

"கடையிலேர்ந்து நடக்கற தூரம்தான்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கடையில் பேரம் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"அண்ணங்கிட்ட நானே சொல்லிக்கிறேன். ஆனா வாரத்துல ஒரு நாளு மத்தியானம் கடையை மூடணும். என்னை இங்க கூட்டிட்டு வரணும்."

"வாரத்துக்கா?"

"பின்ன?"

"மாசத்துக்கு ரெண்டு தடவைன்னு வச்சுக்கலாமே. சந்தை நாளெல்லாம் இருக்குது."

"அப்ப நான் கீழ போறேன்."

"சரி" என்றேன். "வாரத்துக்கே."

வெள்ளிக்கிழமை மச்சான் வந்தார். கறிச்சோறு ஆக்கியிருந்தாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற வரைக்கும் விட்டுவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். அன்றைக்குப் பச்சைச் சேலை கட்டியிருந்தாள் என்பதை நான் கவனித்தேன். நான் கவனித்ததை அவளும் கவனித்தாள்.

"ஏன், இங்க என்ன இருக்குது?" என்றார் மச்சான்.

"மரம் இருக்குதுண்ணே."

"மரமா? மரத்துக்காகவா?" என்று அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன மாப்பிள்ளை இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாம், மரம்தான்" என்றேன். அவருக்கு முன்னால் 'சரி' தவிர வேறு சொல் நான் பேசியது அன்றைக்குத்தான். அவர் முறைத்துவிட்டுச் சிரித்துவிட்டார். அடுத்த மாதம் அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து அந்த மரத்தைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, ஆறு மணி பஸ்ஸில் இறங்கிப் போனார். சொன்னபடி வந்தார்கள். என் மாமியாருக்குக் கீழே தன் வீடு இருக்கிற திக்கை என் மனைவிதான் காட்டினாள்.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் கடை மூடியிருக்கும். கொய்யாக்கார அம்மாள் கேலி பண்ணிப் பண்ணி அலுத்துப்போய், இப்போது, "ஏனுங் பாய், இன்னிக்கி லேட்டுங்களே" என்பதோடு விட்டுவிடுகிறாள். வழி கேட்டு வருகிறவர்களுக்கு நான் கையை மட்டும் நீட்டுவதில்லை. முதல் வளைவு தாண்டியதும் கடுக்காய் மரத்தடியில் நின்று பாருங்கள் என்று சொல்கிறேன். நாலு வார்த்தை கூட வருகிறது.

ஒரு மாற்றம் மட்டும் உண்டு. காட்டுக்குள் அவள்தான் முன்னால் போகிறாள். அவள் எந்த மரத்தடியில் எப்போது நிற்பாள் என்று சொல்ல முடியாது. முன்னால் விட்டால்தான் அவளைத் தவறவிடாமல் போக முடிகிறது. நான் பின்னால் போனாலும் பழக்கம் விடவில்லை. வளைவு வந்தால் தொண்டை தானாகச் செருமிவிடும்.

"வர்றீங்கன்னு தெரியுதுங்க" என்று அவள் திரும்பாமலே சொல்வாள். "சும்மா செருமாம ஏதாவது பேசிக்கிட்டு வாங்க."